சொன்ன தேதி

தையல் கடைக்கு வரும் பெண்கள் எடுத்தவுடன் கூலியைக் கேட்பதில்லை. துணிப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, சேலையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, "எப்பக்கா தருவீங்க?" என்கிறார்கள். மதுரையில் பல வருடங்களாக லேடீஸ் டெய்லர் கடை நடத்துகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத நாள் கிடையாது. என் தொழில் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிய ஒரு பயிற்சி வகுப்பும், ஒரு கை மட்டும் வைத்த பட்டு ஜாக்கெட்டும் வேண்டியிருந்தன. சொந்தமாகத் தொழில் செய்கிற, செய்ய நினைக்கிற பெண்களுக்கு உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

தையல் தொழிலுக்காகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் கேட்டிருந்தேன். 2008-இல் வந்த திட்டம். வங்கிக் கடனோடு அரசு மானியமும் சேர்ந்து வரும். பெண்களுக்கு நகர்ப்புறத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம். மானியம் கைக்கு வருவதற்கு முன் தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போக வேண்டும். போனேன். வகுப்பில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அக்கா, மோட்டாருக்கு காயில் கட்டுகிற ஒரு தம்பி, பேக்கரி வைக்கப்போகிறவர்கள், பேப்பர் தட்டு மெஷின் போடப்போகிறவர்கள் என்று எல்லா வகையும் இருந்தோம்.

பாடம் நடத்தியவர் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். "உங்க கடைக்கு ஒருத்தர் எதுக்கு வரணும்? ஒரே வரி. பேர் எழுத வேண்டாம்." எழுதிக் கொடுத்தோம். அவர் எல்லாவற்றையும் கலைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். நல்ல தரம், நியாயமான விலை. தரமான பொருள், அன்பான சேவை. குறைந்த விலையில் நிறைந்த தரம். "இது யாரு எழுதினது?" என்று ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டபோது பலர் கையைத் தூக்கினோம். அந்த வரி மாவுக்கும் பொருந்தியது, மோட்டாருக்கும் பொருந்தியது, என் ஜாக்கெட்டுக்கும் பொருந்தியது.

மேலாண்மை படித்தவர்கள் இதை வேல்யூ ப்ரபோசிஷன் என்கிறார்கள். மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தில் இருந்த மைக்கேல் லானிங், எட்வர்ட் மைக்கேல்ஸ் இருவரும் 1988-இல் நிறுவனத்துக்குள் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேச்சு பரவியது என்று வகுப்பில் சொன்னார்கள். அவர்கள் வைத்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. வாடிக்கையாளருக்கு எந்தப் பயனை, என்ன விலைக்குத் தரப்போகிறோம் என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தருவதற்கான ஏற்பாட்டை அடுத்துச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கடை திறக்கிற எவரும் போர்டு எழுதுகிறவரைத்தான் முதலில் பார்க்கிறோம். என் போர்டில் பிளவுஸ், சுடிதார், ஃபிராக், பட்டுப்பாவாடை, ஆரி வொர்க், ஃபால்ஸ், ஓவர்லாக் என்று இடமில்லாமல் எழுதியிருந்தது. நான் என்னென்ன செய்வேன் என்று அதில் இருந்தது. வருகிறவளுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பது எங்கேயும் இல்லை.

வகுப்பு முடிந்து கொஞ்ச காலம் கழித்து, ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட். உடம்பு முடிந்திருந்தது. பின் கழுத்துக்கு பைப்பிங் வைத்தாகிவிட்டது. இடது கை ஏறியிருந்தது. வலது கை வெட்டியபடியே சுருட்டி, லைனிங்கோடு சேர்த்து ஊக்குக் குத்தி உள்ளே கிடந்தது. ஹூக் எதுவும் கட்டவில்லை. தைக்கக் கொடுத்த கடைக்காரர் "இந்தா அரை மணி நேரம்மா" என்று நாள் கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இவர் போய் இருந்தபடியே கேட்டு வாங்கி வந்துவிட்டார். மறுநாள் காலையில் மகளுக்கு வளைகாப்பு.

"இந்தக் கைய மட்டும் வச்சுக் குடு தாயி, உனக்குப் புண்ணியமா போகும்."

நான் அந்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தொழில் செய்கிறவளுக்கு உள்பக்கம்தான் முதலில் கண்ணில் படும். கைக்குழி ஒரு சுருக்கம் இல்லாமல் வளைந்திருந்தது. டாட் நான்கும் ஒரே அளவு. கழுத்துக்கு உள்ளே கேன்வாஸ் வைத்து மடித்திருந்த விதம் அவ்வளவு சுத்தம். என் தையலைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். அந்த டெய்லர் கைகாரர். அப்படிப்பட்ட கை தைத்த ஜாக்கெட்தான் ஊக்குக் குத்திய கோலத்தில் என் மேசைக்கு வந்திருந்தது. கையை வைத்து, பிரித்துச் சரிபார்த்து, என்னோடு வேலை பார்க்கிற பெண்ணிடம் ஹூக் கட்டக் கொடுத்தேன். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தார். ஜாக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துவிட்டுப் புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார்:

"தை மாசம் பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மருமகளுக்கு நாலு ஜாக்கெட் தைக்கணும். நீ தேதி சொல்லு. அதுக்கு அப்புறம் சேலை எடுத்துக்கிறேன்."

சேலை எடுக்கவில்லை, நிறம் தெரியாது, மாடல் பேசவில்லை, கூலி கேட்கவில்லை. தேதியை மட்டும் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடங்களாக என் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எதை வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. ஜாக்கெட் என்பது ஒரு நாளைக்காகத் தைக்கப்படுகிறது. காதுகுத்து, நிச்சயம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், சடங்கு என்று அதற்கு ஒரு காலைப்பொழுது இருக்கிறது. அந்தக் காலையில் வராத ஜாக்கெட் எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் பீரோவுக்குத்தான் போகும். மதுரையில் ஆவணி, தை, வைகாசி மாதங்களில் ஒரே முகூர்த்த நாளில் ஒரே தெருவில் மூன்று வீட்டுப் பத்திரிகை வரும். புதுச் சேலைக்குப் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, போட்டோவில் பின்வரிசையில் நின்ற வருத்தம் நம் பெண்களில் பலருக்கு உண்டு. டெய்லர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் அதைவிட அதிகம் பேருக்கு உண்டு.

ஒரு அம்மா சொன்னதை வைத்து மட்டும் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அளவு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, தொடர்ந்து வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். "எங்ககிட்ட எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டால் ஒன்றும் தெரியவராது. முகத்துக்கு நேரே எல்லோரும் "நல்லா தைக்கிறீங்கக்கா" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்கிற பதில். கேள்வியை மாற்றிப் பார்த்தேன். "நடுவுல ரெண்டு தடவை வேற கடையில கொடுத்தீங்களே, அங்க என்ன ஆச்சு?" என்று கேட்டபோது கதைகள் கொட்டின. "எங்க கடையைப் பத்தி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? என்னன்னு சொன்னீங்க?" என்பது இன்னும் நல்ல கேள்வி. தங்கைக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் போனில் சொன்ன வார்த்தைகள் அப்படியே வந்தன. "கொஞ்சம் கூட வாங்கும், ஆனா அந்தக்கா சொன்ன நாள்ல குடுத்துரும்." இதே பேச்சை வெவ்வேறு ஆட்கள் வாயால் கேட்டேன். எனக்குத் தேவையான ஒரு வரியை என் வாடிக்கையாளர்கள் எப்போதோ செய்து, ஊருக்குள் உலவவும் விட்டிருந்தார்கள். புதிதாக யோசித்து எழுத அங்கே ஒன்றும் இல்லை, காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் புதுமண்டபம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்மண்டபம் அது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, நாயக்கர் சிலைகள் நிற்கிற தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும். பாத்திரம், புத்தகம், வளையல் கடைகளுக்கும் குறைவில்லை. அம்மா வெளியே துணி வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிப்போவார். டெய்லர் டேப்பை என் இடுப்பில் சுற்றி அளவெடுத்துவிட்டு, "ஒரு சுத்து சுத்திட்டு வாங்கம்மா" என்பார். கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்பினால் பாவாடை தயாராக இருக்கும். நூல் பிசிறுகூட வெட்டியிருக்கும்.

அந்த டெய்லர்கள் எந்த வகுப்புக்கும் போனதில்லை. துணி கொண்டுவந்தால் தைத்த உடுப்போடு பஸ் ஏறலாம் என்பது அவர்களுடைய வாக்கு. சுற்றுவட்டார ஜனங்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். சந்தைக்கும் கோயிலுக்கும் வருகிற கிராமத்து மனிதர்களுக்கு இரண்டாம் தடவை மதுரைக்கு வர முடியாது. அந்தக் கஷ்டம் அறிந்து பிறந்த வாக்கு அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெருக்கிப் பிடிக்கிற ஃபேஷன் ஜாக்கெட்டுக்கு யாரும் அங்கே போகமாட்டார்கள். பாவாடை, உள்பாவாடை, தலையணை உறை, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கட்டும் சல்லடம் என்று, உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் முடிகிற வேலைகளைத்தான் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். எதைத் தைப்பதில்லை என்ற முடிவால்தான் உடனே தருவது சாத்தியமானது. கடைகள் இப்போது பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. எனக்கு அவர்கள்மேல் இருக்கிற மரியாதை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டுதான் வருகிறது.

மனம் திறந்து சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. "சொன்ன தேதி" என்று ஒரு வரியைக் கையில் எடுப்பது எனக்குப் பயமாக இருந்தது. அந்த வரியைச் சொன்னால், இடம் இல்லாத நாளுக்கு வருகிற துணியை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தையல் தொழிலில் அதை யாரும் செய்ய மாட்டோம். துணியை வாங்கி வைத்துவிடுவோம், தேதியை அப்புறம் பார்த்துக்கொள்வோம். துணி நம் கடைக்குள் இருந்தால் ஆள் வேறெங்கும் போக முடியாது என்ற கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் இல்லாமல் வாடகையும் சம்பளமும் கொடுத்துவிட்டு ஆவணிக்காகக் காத்திருக்கிறவளுக்கு, ஆவணியில் ஒரு பையைத் திருப்பி அனுப்புவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் தடவை "அந்த வாரம் முடியாதும்மா, அடுத்த புதன்கிழமைன்னா தர்றேன்" என்று சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது. வீட்டில் மாமியார், "வாசலுக்கு வர்ற துணிய திருப்பி அனுப்பாத தாயி" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் தையல் தெரிந்தவர், பசி தெரிந்தவர். அவர் சொன்னதில் தப்பில்லை.

பயத்தைவிடப் பெரியதாக இன்னொன்று இருந்தது. ஆரி வேலை. கல்யாண ஜாக்கெட்டில் கைக்கும் கழுத்துக்கும் ஜர்தோசியும் மணியும் வைத்து ஊசியால் வளர்க்கிற அந்தப் பூவேலையை நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டி உட்கார்ந்தால் எனக்கு உலகம் மறந்துபோகும். ஆனால் என் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால், தேதி தவறிய ஜாக்கெட்டுகளில் பெரும்பகுதி ஆரியால் தவறியவை, அல்லது ஆரிக்கு நான் போய் உட்கார்ந்ததால் பின்னால் நின்றவை. கனமான டிசைன் என்றால் ஒரு ஆள் நாள் கணக்கில் உட்கார வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்பதை உறுதியாகச் சொல்லவும் முடியாது, நூல் அறும், கண் வலிக்கும், மணப்பெண் பாதியில் மயிலை மாற்றி யானை கேட்பாள். என் கடையின் வாக்கும் என் மனதுக்குப் பிடித்த வேலையும் ஒன்றோடொன்று மோதின. ஃபிரேமை எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, போர்டிலிருந்து ஆரி என்ற எழுத்தை அழித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவள் இப்போது தனியாக ஆர்டர் எடுக்கிறாள். "நாள் ஆகும், ஆனா இதுமாதிரி இன்னொருத்தர் போட்டிருக்க மாட்டாங்க" என்பது அவளுடைய வாக்கு. அதுவும் நல்ல வாக்குதான். அவள் முடித்த துணி தைக்க எங்களிடம் வரும்போது நாங்கள் தேதி போடுகிறோம்.

ஏற்பாடு இல்லாமல் வாக்கு நிற்காது. லைனிங் வைத்த சாதா ஜாக்கெட் ஒன்றை வெட்ட 20 நிமிடம், தைக்க ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம், ஹெம்மிங், ஹூக், அயர்ன் என்று கைவேலைக்கு அரை மணி. இரண்டு மெஷின் நாள் முழுக்க ஓடினால் 9 ஜாக்கெட் வரும். நான் காலண்டரில் ஒரு நாளைக்கு 6 கட்டம் மட்டும் போட்டேன். மீதி நேரம் ஆல்ட்ரேஷனுக்கு, கரண்ட் போவதற்கு, வேலைக்கு வருகிற பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்கு. கட்டம் நிரம்பினால் அந்தத் தேதி மூடியாயிற்று. ரசீதில் நாங்கள் முதலில் எழுதுவது விசேஷ நாளை. அதற்கு 3 நாள் முன்னால் எங்கள் தேதி. அளவு சரியில்லை என்றால் பிரித்துத் தைக்க இடம் வேண்டும் அல்லவா?

தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மெஷினால் தாமதம் வருவதே அபூர்வம். பாதி நேரம், பொருத்தமான லைனிங் துணி கிடைக்காமல் நிற்கும். லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும், அப்படியே வெட்டினால் முதல் துவைப்பிலேயே சுருங்கி ஜாக்கெட்டை இழுத்துவிடும். ராத்திரி நனைக்க மறந்தால் மறுநாள் மெஷின் சும்மா இருக்கும். இன்னொரு பாதி, தைத்து முடித்த ஜாக்கெட் ஹூக்குக்காகக் கட்டைப்பையில் தூங்கும். இப்போது துணி வாங்கும்போதே நூலும் லைனிங்கும் எடுத்து ஒரே கவரில் போட்டு ரசீதைக் குத்திவிடுகிறோம். ஹெம்மிங்கும் ஹூக்கும் பீஸ் ரேட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போகின்றன. எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் படித்தது இதற்கு உதவியது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார்ப்படுத்தி வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். பணம் இல்லாதவருக்கும் பார்வை தருவோம் என்ற அவர்களுடைய வாக்குக்குப் பின்னால் இப்படியொரு மேசை இருக்கிறது. தைக்கிற பெண் எழுந்துபோய் எதையும் தேடக்கூடாது என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

ஏற்பாடு ஒரு வழிக்கு வந்த பிறகுதான் போர்டுக்கு வரி எழுதினேன். "காலந்தவறாத சேவை" என்று மகள் எழுதித் தந்தாள். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் என்னிடம் சண்டைக்கு வர முடியாது. நான் சொல்லவந்ததன் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். நாம் தவறினால் வாடிக்கையாளர் கையும் களவுமாகப் பிடிக்கும்படி அந்த வரி இருக்க வேண்டும். தரம் என்று எழுதினால் யாரும் பிடிக்க முடியாது, அது அவரவர் கண்ணைப் பொறுத்தது. அன்பான சேவையும் அப்படியே. தேதியைப் பிடிக்கலாம். கடைசியில் இப்படி எழுதினோம்: "ரசீதில் எழுதிய தேதியில் பிளவுஸ். தவறினால் தையல் கூலி வேண்டாம்." அப்படிக் கூலி வாங்காமல் கொடுத்தவையும் உண்டு. எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த வாரத்தில் கையிலிருந்து போனது சின்னத் தொகை இல்லை. அதற்குப் பிறகுதான் காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்றைத் துடைத்து எண்ணெய் விட்டு மூலையில் தயாராக வைத்தோம்.

வரியை வாடிக்கையாளர் முன்னால் வைப்பதற்கு முன், வேறு கடையின் போர்டில் அதை மாட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது உங்களுடைய வரி இல்லை. அடுத்து, ஒரு பெண் அதைத் தன் அக்காவிடம் போனில் அப்படியே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தால் அந்த வரி கடை வாசலைத் தாண்டாது. விலையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பக்கத்துக் கடையைவிட நாங்கள் 50 ரூபாய் கூட வாங்குகிறோம். 6 கட்டத்துக்கு மேல் எழுதுவதில்லை என்றால் அந்த 50 ரூபாய் இல்லாமல் கடை ஓடாது. அதைச் சொல்லவும் நான் கூச்சப்படுவதில்லை. குறைந்த விலைதான் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு, குறைவாக வாங்குகிற நல்ல கடை எது என்று வழி சொல்லி அனுப்புகிறேன்.

இந்த வாக்கின் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பதைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. டோமினோஸ் பீட்சா 30 நிமிடத்தில் தருவோம் என்று வாக்குக் கொடுத்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. ஒரே வரியில் கடையைச் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஆனால் வண்டி ஓட்டுகிறவர்கள் அவசரத்தில் விபத்துக்குள்ளாகிறார்கள் என்று வழக்குகள் வந்து, 1993-இல் அமெரிக்காவில் அந்த உத்தரவாதத்தைக் கைவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு என் கடைப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். தேதியைக் காப்பாற்ற ராத்திரி பதினொரு மணி வரை அவர்களை உட்காரவைத்தால், என் பேருக்கான விலையை அவர்கள் இடுப்பும் கண்ணும் கொடுக்கும். அதனால் ஏழரைக்கு மெஷினை நிறுத்துகிறோம். ஏழரைக்குள் முடியாத அளவுக்குத் துணி சேர்ந்தால், கட்டம் போட்ட நான்தான் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன் என்று பொருள். அதற்குரிய வேலையை ராத்திரி நான் செய்வேன். அவர்களிடம் இதைச் சொல்லியே வேலைக்கு எடுக்கிறேன். நல்ல கைகள் எங்களை விட்டுப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வகுப்பில் என்னோடு இருந்தவர்களோடு இப்போதும் பேசுகிறேன். மாவு அக்கா, "புளிக்காத சுத்தமான மாவு" என்று கவரில் அச்சடித்திருந்தார். புளிப்பது ஆளுக்கு ஆள் மாறும், வெயிலுக்கு வெயில் மாறும். அரைத்த நேரத்தைக் கவரில் எழுதச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு கவரிலும் மணி இருக்கிறது, வாங்குகிறவர் இட்லிக்கு வைக்கலாமா தோசைக்கு வைக்கலாமா என்று தானே முடிவு செய்கிறார். காயில் கட்டுகிற தம்பி இன்னும் நன்றாகச் செய்தான். மோட்டார் கெட்ட வீட்டுக்காரர்களிடம் பேசிப் பார்த்து, அவர்களுக்குக் கஷ்டம் மோட்டார் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லாததுதான் என்று கண்டுபிடித்தான். பழைய மோட்டார் சிலவற்றை வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொண்டான். நம் மோட்டாரைக் கழற்றி எடுத்துப்போகும்போதே மாற்று மோட்டாரை மாட்டிவிட்டுப் போகிறான். அவனுடைய வரியை நான் எழுதித்தரத் தேவைப்படவில்லை.

எனக்கு இன்னும் வசப்படாதது தீபாவளிதான். கல்யாணமும் வளைகாப்பும் ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு நாளில் வரும், கட்டங்களில் பிரித்துப் போடலாம். தீபாவளி ஊருக்கே ஒரே நாள். ஐப்பசி பிறந்ததும் போனஸ் கையில் வரும், பெண்கள் அதற்குப் பிறகுதான் துணி எடுக்க முடியும், எங்கள் கட்டங்களோ அதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. சீக்கிரம் துணி எடுக்க வசதி உள்ளவர்களுக்கு மட்டும் தேதி கிடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்த வருடம் தீபாவளிக் கட்டங்களில் மூன்றில் ஒரு பங்கை ஐப்பசி முதல் தேதி வரைக்கும் யாருக்கும் எழுதாமல் வைத்திருப்பதாக இருக்கிறேன். சேலையைக் கொண்டுவர முடியாதவர்கள் பேரையும் அளவு ஜாக்கெட்டையும் மட்டும் முன்னதாகத் தந்துவிட்டுப் போகலாம். லைனிங்கின் நிறம் தெரியாமல் நனைத்துவைப்பது எப்படி என்பதற்கு இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளை, சந்தனம், கறுப்பு மூன்றையும் மொத்தமாக நனைத்துக் காயவைத்து அடுக்கிவிடலாம் என்கிறாள் என் கடையில் மெஷின் தைக்கிற பெண்.